நிறுத்தும் உரிமை: மூட மறுக்கும் மென்பொருளும் தொழிற்பேட்டையின் சிவப்புப் பொத்தானும்

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் திடீரென அசைவற்று நின்று, மவுஸின் சொடுக்குக்கும் விசைப்பலகையின் தட்டலுக்கும் மறுமொழி தராமல், மூடச் சொன்னாலும் மூடாமல் திரையை அடைத்துக்கொண்டு கிடக்கும் நிலையைப் பொதுவழக்கில் ‘ஹேங் ஆகிவிட்டது’ என்றும் ‘ஸ்ட்ரக் ஆகிவிட்டது’ என்றும் சொல்வர். அந்த நிலை ஏன் உண்டாகிறது, அதன் முன் அமர்ந்திருப்பவருக்கு எழும் எரிச்சலுக்கு நியாயம் உண்டா, அந்த எரிச்சல் யார் மேல் திரும்ப வேண்டும் என்னும் மூன்று கேள்விகளை இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்கிறது. பொருள் சிறியதாகத் தோன்றினாலும் அதன் உள்ளே இருக்கும் கேள்வி பெரியது. ஒரு பொறியை இயக்குபவருக்கு அதை நிறுத்தும் அதிகாரம் உண்டா, இல்லையா என்பதே அது.

இக்கேள்வியைக் கொரட்டூரில் எழுப்புவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. சென்னை–அரக்கோணம் ரயில் தடத்தில் வில்லிவாக்கத்துக்கும் பட்டரைவாக்கத்துக்கும் இடையே அமைந்த இவ்வூர், 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை அம்பத்தூர் நகராட்சியின் பகுதியாக இருந்தது. ஒருபுறம் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா முதலிய வாகன உதிரிபாக ஆலைகள் 1960களில் எழுந்த பாடியும், மறுபுறம் 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அமைந்திருப்பதால், லேத், பிரஸ், சிஎன்சி என்னும் சொற்கள் இங்குள்ள வீடுகளில் அன்றாடப் பேச்சாகவே புழங்கி வந்துள்ளன. பின்னாளில் அதே தொழிற்பேட்டைக்குள் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் வந்துவிட்டதால், இரும்பை அறுக்கும் பொறியில் வேலை செய்பவரும் மென்பொருள் எழுதுபவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறிச் செல்லும் ஊராக இது மாறியிருக்கிறது. இவ்விரு தொழில்களும் ‘நிறுத்துதல்’ என்னும் செயலை நடத்தும் விதத்தில் பெரிய வேறுபாடு உண்டு என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

முதலில் இரும்புப் பொறியின் பக்கத்தைப் பார்ப்பது தகும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 24ஆம் பிரிவில், ஓடும் இயந்திரங்களுக்குச் செல்லும் ஆற்றலை ஆபத்து நேரத்தில் துண்டிப்பதற்குத் தக்க கருவிகள் ஒவ்வொரு பணியறையிலும் பொருத்தப்பட்டுப் பராமரிக்கப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. இன்று பட்டறைகளில் ‘எமர்ஜென்சி ஸ்டாப்’ என்று அழைக்கப்படும், மஞ்சள் பின்னணியில் காளான் வடிவில் துருத்தி நிற்கும் சிவப்புப் பொத்தான் இத்தகைய ஏற்பாடுகளில் முதன்மையானது. அதற்குரிய பன்னாட்டுத் தர நெறியான ஐஎஸ்ஓ 13850 மூன்று பண்புகளை வற்புறுத்துகிறது: அப்பொத்தான் பொறியின் மற்ற எல்லாச் செயல்களையும் மீறி வேலை செய்ய வேண்டும், ஒருமுறை அழுத்தினால், கையால் விடுவிக்கும் வரை அழுந்திய நிலையிலேயே இருக்க வேண்டும், விடுவித்த மாத்திரத்தில் பொறி தானாக மீண்டும் ஓடத் தொடங்கிவிடக் கூடாது. சிஎன்சி பொறி ஒன்று கணினி நிரலால் இயங்குவதாயினும், அதன் சிவப்புப் பொத்தான் அந்த நிரலிடம் அனுமதி கேட்டுக் காத்திருப்பதில்லை. மோட்டார்களை ஓட்டும் மின்சாரம் துண்டிக்கப்படும் வகையில் பாதுகாப்புச் சுற்று தனியே அமைக்கப்படுகிறது. நிரல் தவறாக ஓடும் நேரத்தில்தான் அப்பொத்தான் தேவைப்படுகிறது என்பதால், அந்த நிரலை நம்பி அதை அமைப்பது பொருளற்றது என்பதைப் பொறியாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இனி, அதே ஆலையின் அலுவலக அறையில் உள்ள கணினியைக் கருதலாம். திரையில் தெரியும் ஒவ்வொரு சாளரத்தின் மேல் மூலையிலும் பெருக்கல் குறி இட்ட ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதைச் சொடுக்கினால் நிரல் மூடிக்கொள்ளும் என்று பயன்படுத்துபவர் நம்புகிறார். ஆனால் அச்சொடுக்கு நேராக நிரலை நிறுத்துவதில்லை. கணினியின் வன்பொருளையும் நிரல்களையும் ஆளும் அடிப்படை மென்பொருளாகிய இயங்குதளம், ஒவ்வொரு சாளர நிரலுக்கும் ஒரு செய்தி வரிசையை வைத்திருக்கிறது. விசைத் தட்டல், மவுஸ் அசைவு, திரையை மீண்டும் வரையும் கோரிக்கை ஆகிய அனைத்தும் அவ்வரிசையில் செய்திகளாகச் சேர, நிரல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் படித்துச் செயலாற்றுகிறது. பெருக்கல் குறியின் மேல் விழுந்த சொடுக்கும் ‘மூடிக்கொள்’ என்னும் இன்னொரு செய்தியாக அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. நிரல் உறைந்துவிட்டது என்பதன் பொருளே அது தன் வரிசையைப் படிப்பதை நிறுத்திவிட்டது என்பதுதான். ஆகவே எந்த நேரத்தில் அப்பொத்தான் மிகவும் தேவைப்படுகிறதோ, அந்த நேரத்தில் அது பயனற்றதாகிவிடுகிறது. பத்து முறை சொடுக்கினால் படிக்கப்படாத செய்திகள் மேலும் சேர்வதன்றி வேறு விளைவு இல்லை.

விண்டோஸ் இயங்குதளம் இந்நிலையைக் கண்டறிய ஒரு கால அளவை வைத்திருக்கிறது. ஒரு நிரல் தன் வரிசையை 5 விநாடிகள் வரை எட்டிப் பார்க்காவிட்டால், அது ‘பதிலளிக்கவில்லை’ என்று கருதப்படுகிறது; அப்போது அசல் சாளரத்தை மறைத்து, அதே தோற்றமுள்ள ஒரு போலிச் சாளரத்தை இயங்குதளமே வரைந்து, அதை வெளிறச் செய்து, தலைப்பில் அவ்வறிவிப்பையும் சேர்க்கிறது. பயன்படுத்துபவர் அப்போது காண்பது நிரலின் முகத்தை அன்று. இயங்குதளம் வரைந்து வைத்த நிழலை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும், தொடுதலுக்கு 5 விநாடிக்குள் மறுமொழி வராத செயலியைப் பற்றி ‘காத்திருக்கவா, மூடவா’ என்று கேட்கும் அறிவிப்பு எழுகிறது.

நிரல் செத்துவிட்டதா, கடினமான வேலையில் மூழ்கியிருக்கிறதா என்பதை இயங்குதளமே தீர்மானித்துவிடக் கூடாதா என்று ஒருவர் கேட்கலாம். அது இயலாது என்பதற்குக் கணிதத்திலேயே சான்று இருக்கிறது. எந்த ஒரு நிரலையும் அதன் உள்ளீட்டையும் கொடுத்தால், அந்நிரல் என்றாவது முடிவுக்கு வருமா, முடிவின்றிச் சுழலுமா என்பதை எல்லா நிலைகளிலும் பிழையின்றிச் சொல்லக்கூடிய பொதுவழிமுறை எதுவும் இருக்க முடியாது என்பதை ஆலன் டூரிங் 1936இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. ஆகவே 5 விநாடி என்பது ஓர் ஊகமே அன்றி முடிந்த தீர்ப்பு ஆகாது. இறுதி முடிவை மனிதரிடம் விட்டுவிடுவதைத் தவிர இயங்குதளத்துக்கு வேறு வழி இல்லை. முடிவு மனிதரிடம் விடப்படுமானால், அதைச் செயற்படுத்தும் கருவியும் அவர் கையில் இருந்தாக வேண்டும் என்பது இதிலிருந்து தானே பெறப்படும்.

உறைவுக்கான காரணங்களை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, நீண்ட வேலை ஒன்றை, செய்தி வரிசையைப் படிக்க வேண்டிய அதே இழையிடம் நிரலாளர் ஒப்படைத்துவிடுவது. ‘இழை’ என்பது ஒரு நிரலுக்குள் தனித்து ஓடக்கூடிய செயல்தொடர். பல்லாயிரம் வரிசைகள் உள்ள கணக்குத் தாளைத் திறக்கும்போது திரை உறைவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டாவது, முடிவுக்கு வராத சுழல். மூன்றாவது, வெளியிலிருந்து வர வேண்டிய ஒன்றுக்காகக் காலவரம்பின்றிக் காத்திருப்பது: துண்டிக்கப்பட்ட நெட்வொர்க், அணைந்து கிடக்கும் பிரிண்டர், பாதியில் பிடுங்கப்பட்ட பென் டிரைவ் ஆகியவை இதில் அடங்கும்.

நான்காவது காரணம் முட்டுக்கட்டை நிலை எனப்படும். ஒரு செயல்தொடர் ஒரு கோப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டாவது செயல்தொடர் வைத்திருக்கும் வேறொரு கோப்புக்காகக் காத்திருக்க, அந்த இரண்டாவது செயல்தொடரோ முதலாவது வைத்திருக்கும் கோப்புக்காகக் காத்திருக்கும். ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தில் இருபுறத்து வண்டிகளும் சாலையின் முழு அகலத்தையும் அடைத்து நின்றுவிட்டு, கேட் திறந்ததும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு எதுவும் நகர முடியாமல் ஹாரன் அடிக்கும் காட்சி இதற்கு நேரான உவமை ஆகும். நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் இச்சிக்கலை ஆராய்ந்தார். காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவர் 1971இல் இதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்தனர். ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்க முடிவது, ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்பது, வைத்திருப்பதை மற்றவர் பறிக்க முடியாதது, காத்திருப்போர் வட்டமாக அமைந்துவிடுவது என்னும் இந்நான்கும் ஒருங்கே கூடினால்தான் முட்டுக்கட்டை உண்டாகும். ஏதாவது ஒன்றை உடைத்தாலும் அது தீரும். ஆகவே இது விதியால் நேர்வது அன்று, வடிவமைப்பில் தவிர்க்கக்கூடியது.

நிறுத்தும் கருவிகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. விண்டோஸின் 3.1 பதிப்பு வரையிலான தொடக்ககால வடிவங்களில், ஓடும் நிரல் தானாக முன்வந்து கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த நிரலுக்கு முறை வரும் என்பதால், ஒரு நிரல் உறைந்தால் கணினி முழுவதும் உறைந்தது. 1995இல் வந்த விண்டோஸ் 95, அதற்கென எழுதப்பட்ட புதிய நிரல்களிடமிருந்து கட்டுப்பாட்டை இயங்குதளமே பறித்துப் பகிரும் முறையைக் கொண்டுவந்தது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும் வழக்கம், 1981இல் வெளியான ஐபிஎம் தனியாள் கணினியை உருவாக்கிய பொறியாளர்களுள் ஒருவரான டேவிட் பிராட்லி அமைத்தது. தவறுதலாக அழுந்திவிடக் கூடாது என்பதற்காகவே அவ்விசைகள் விலகி இருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டன. ஓடும் நிரல்களைப் பட்டியலிட்டு, வேண்டாததை முடிக்க உதவும் டாஸ்க் மேனேஜர், டேவ் பிளம்மர் என்னும் நிரலாளரின் கைவண்ணமாக 1996இல் விண்டோஸ் என்டி 4.0 பதிப்போடு வந்தது. யூனிக்ஸ் மரபில், லினக்ஸும் அதன் வழிவந்த, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் உட்பட, ‘கில்’ என்னும் கட்டளை இரு நிலைகளில் வேலை செய்கிறது: 15ஆம் எண் சமிக்ஞை நிரலை முடித்துக்கொள்ளும்படி கேட்கிறது, 9ஆம் எண் சமிக்ஞையோ நிரலைக் கேட்காமலே, இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலிடம் அதை நீக்கச் சொல்கிறது.

அந்த 9ஆம் எண்ணுக்கும் அடங்காத நிலை ஒன்று உண்டு. ஒரு நிரல், வன்பொருளோடு பேசும் டிரைவர் மென்பொருளின் வழியாகக் கெர்னலுக்குள் ஒரு வேலையைக் கேட்டுவிட்டு, அது முடியும் வரை இடையூறு செய்ய முடியாத உறக்கத்தில் இருக்குமானால், அந்த வேலை முடியாமல் அதை அழிக்க இயலாது. பாதியில் விட்டால் வட்டில் உள்ள தரவோ கெர்னலின் நினைவகமோ சீர்குலையும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். டாஸ்க் மேனேஜரில் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்த பிறகும் பட்டியலில் பெயர் நீங்காமல் நிற்கும் நிரல்களுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அந்நிலையில் எஞ்சுவது கணினியின் பவர் பொத்தான் ஒன்றே: அதைத் தொடர்ந்து 4 விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும் என்பது கணினி மின்மேலாண்மைக்கான ஏசிபிஐ நெறியில் வன்பொருள் நிலையிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. பட்டறையின் சிவப்புப் பொத்தானுக்கு இணையாகக் கணினியில் உள்ளது இது மட்டுமே. ஆனால் ஒரு நிரலை நிறுத்துவதற்காக எல்லா நிரல்களையும் அவற்றில் சேமிக்கப்படாத எல்லா உழைப்பையும் பலி கொடுக்க வேண்டும் என்பது அதன் விலை.

எரிச்சலின் தன்மை இந்த விலையிலிருந்துதான் புரியும். மனிதர் கணினியிடம் எதிர்பார்க்கும் மறுமொழிக் காலத்தை ராபர்ட் மில்லர் 1968இல் ஆராய்ந்தார். அவ்வழியில் ஜேக்கப் நீல்சன் 1993இல் தொகுத்துக் கூறிய அளவுகள் இன்றும் வழக்கில் உள்ளன. 0.1 விநாடிக்குள் வந்தால் உடனடி என்றும், 1 விநாடி வரை எண்ணத்தின் ஓட்டம் அறாது என்றும், 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும் என்றும் அவை கூறுகின்றன. வரிசையில் காத்திருப்போரின் மனநிலையை 1985இல் எழுதிய டேவிட் மேஸ்டர், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும் காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் மற்றவற்றைவிட நீண்டதாகத் தோன்றும் என்று வாதிட்டார். உறைந்த நிரல் இவ்விரண்டையும் ஒருசேரத் தருகிறது. அத்தோடு, விட்டுவிட்டுப் போகவும் விடுவதில்லை. மாதத்தின் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய சிறுதொழில் கணக்கர், மாலைக்குள் திருமண அழைப்பிதழை அச்சுக்கு அனுப்ப வேண்டிய டிடிபி கடைக்காரர், வரைபடத்தை முடித்தால்தான் பொறி ஓடும் என்னும் நிலையில் உள்ள கேட் (CAD) வரைவாளர் ஆகியோருக்கு, அந்த வெளிறிய சாளரம் ஒரு கூலி இழப்பாகவே வந்து நிற்கிறது.

இதைவிடக் கேடானது, பழி பயன்படுத்துபவர் மேல் விழும் வழக்கம். அவசரப்பட்டுச் சொடுக்கினார், அதிகமாகத் திறந்து வைத்தார், கணினி தெரியாதவர் என்றெல்லாம் சொல்லப்பட்டு, இறுதியில் அவரும் அதை நம்பிவிடுகிறார். பிரஸ் பொறியில் கை அகப்பட்ட தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று சொல்லித் தப்பிக்கும் முதலாளியின் வாதத்தைத் தொழிற்சாலைச் சட்டங்கள் முழுமையாக ஏற்கவில்லை. பொறிக்குத் தடுப்பும் நிறுத்தும் கருவியும் அமைக்கும் கடமையை அவை உரிமையாளர் மேல் சுமத்தின. மென்பொருளில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் கடமை யாருடையது என்னும் நெறி இரண்டுக்கும் ஒன்றே.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நிரலை இடையில் வெட்டினால் கோப்பு கெடும், ஆகவே மூட மறுப்பது பயன்படுத்துபவரின் நன்மைக்கே என்று நிரலாளர் சிலர் வாதிடுவர். வெட்டினால் கெடும் என்பது உண்மையானால், மின்தடையின்போதும் அது கெடும். யுபிஎஸ் பேட்டரி தீர்ந்துபோகும் நேரத்தை எந்த நிரலும் தேர்ந்தெடுக்க முடியாது. எனவே இவ்வாதம் நிறுத்தத்தைத் தடுப்பதற்கு ஆதாரம் ஆகாது. நிறுத்தத்தைத் தாங்கும்படி எழுத வேண்டும் என்பதற்கே ஆதாரம் ஆகும். ஜார்ஜ் கேண்டியா, அர்மாண்டோ ஃபாக்ஸ் ஆகியோர் 2003இல் இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றனர்: திடீரென வெட்டுவதே நிரலை நிறுத்தும் ஒரே வழியாகவும், மீட்டெடுப்பதே அதைத் தொடங்கும் ஒரே வழியாகவும் இருக்கும்படி எழுதினால், எந்த நேரத்தில் நிறுத்தினாலும் இழப்பு இராது என்பது அவர்களின் முன்மொழிவு. வங்கிகளின் தரவுத்தளங்கள், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுப் பின்பு நிறைவேற்றுவதால், இடையில் மின்சாரம் போனாலும் கணக்கு பாதியில் நிற்பதில்லை. 2008இல் வெளியான குரோம் உலாவி, பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டியதால், ஒன்று உறைந்தால் அதை மட்டும் முடித்துவிட்டு மற்றவற்றில் வேலையைத் தொடர முடிந்தது.

விண்வெளியிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, சில நாட்களில் தானாகவே மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆனது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒன்று பூட்டி வைத்திருந்த வளத்துக்காக முன்னுரிமை மிகுந்த பணி காத்திருக்க, இடைப்பட்ட முன்னுரிமையுள்ள பணிகள் புகுந்து அந்தப் பூட்டு விடுபடாமல் செய்துவிட்டதே காரணம். முக்கியப் பணி உரிய நேரத்தில் முடியாததைக் கண்டு கணினியை மறுதொடக்கம் செய்யும் காவல் ஏற்பாடு இருந்ததால், கலம் உறைந்து கிடக்கவில்லை. பூமியிலிருந்த பொறியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தத்தை அனுப்பினர். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கலத்துக்குத் தேவை என்று உணரப்பட்ட ஏற்பாடு, மேசைமேல் உள்ள கணினியின் சாதாரண நிரல்களுக்குத் தேவை இல்லை என்று கருதுவதற்கு நியாயம் இல்லை.

நிலைமை மாறும் வரை பயன்படுத்துபவர் அறிந்திருக்க வேண்டியவை சில. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உறைந்த நிரலுக்கு நேரே உள்ள சிபியு, வட்டு ஆகியவற்றின் எண்களைக் கவனித்தால் நிலை ஓரளவு தெரியும்: எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் நிரல் வேலை செய்கிறது, காத்திருப்பது நல்லது, சிபியுவில் நான்கு கருக்கள் (கோர்) மட்டும் கொண்ட கணினியில் 25 விழுக்காட்டிலேயே அசையாமல் நின்றால், ஒரு கரு முழுவதையும் ஒரு சுழல் தின்றுகொண்டிருக்கக் கூடும், எல்லாம் சுழியத்தில் இருந்தால், நிரல் எதற்கோ காத்துக் கிடக்கிறது, நெட்வொர்க்கையும் பிரிண்டரையும் முதலில் பார்க்க வேண்டும். வேர்ட் போன்ற நிரல்களில் தானியங்கு மீட்புப் பதிவு இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிகழ்வதால், அந்த இடைவெளியைக் குறைத்து வைப்பது இழப்பைக் குறைக்கும். இயங்குதளமோ வன்பொருளின் உள்மென்பொருளோ புதுப்பிக்கப்படும் நேரத்தில் மட்டும், எவ்வளவு எரிச்சல் வந்தாலும் பவர் பொத்தானைத் தொடாதிருப்பதே அறிவு.

எனினும் பயன்படுத்துபவரின் கவனத்தால் தீரும் குறை இது அன்று. எழுதுபவரின் கடமையால் தீர வேண்டியது. நீண்ட வேலைகளைச் செய்தி வரிசையிலிருந்து பிரித்துத் தனி இழையில் ஓட்டுவதும், வெளிக்காத்திருப்பு ஒவ்வொன்றுக்கும் காலவரம்பு வைப்பதும், பூட்டுகளை எப்போதும் ஒரே வரிசையில் எடுப்பதும், செய்த வேலையை உடனுக்குடன் பதிந்து வைப்பதும் கல்லூரிப் பாடநூல்களில் உள்ளவைதாம்; நேரம் போதவில்லை என்று சொல்லி விட்டுவிடப்படுபவையும் அவைதாம்.

தொழிற்பேட்டையின் சிறு ஆலைகளும் கொரட்டூரின் கடைகளும் பில்லிங், கணக்கு, இருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருளைப் பெரும்பாலும் உள்ளூர் நிரலாளர்களிடமே எழுதி வாங்குகின்றன என்பதால், மாற்றம் இங்கேயே தொடங்கக் கூடும். பொறி வாங்கும்போது சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் எந்த மேற்பார்வையாளரும் கையெழுத்திடுவதில்லை. மென்பொருளுக்கும் அச்சோதனையைச் செய்ய வேண்டும்: பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கி, பெருக்கல் குறியைச் சொடுக்கி, நிரல் 5 விநாடிக்குள் மூடுகிறதா என்றும், மீண்டும் திறந்தால் விட்ட இடத்திலிருந்து பில் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும், அதைச் சரிசெய்து தரும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது.